தாத்தா காலை ஊன்றி நிற்கும் அந்தக் கார் எது? டர்பன் ஆல்பங்களில் உள்ள பழைய கார்ப் படங்களை இனங்காணும் முறை

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பன், வெருலம், டொங்காட், ஸ்டேங்கர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பழைய ஆல்பங்களைப் புரட்டினால் எங்காவது ஒரு கார்ப் படம் அகப்படும். மிதிபலகையில் ஒரு காலை ஊன்றியபடி கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர், பின் சீட்டில் பெண்கள், மட்கார்டின் மேல் ஏற்றி உட்கார வைத்த குழந்தை. என்ன கார் என்று கேட்டால் ‘பழைய ஃபோர்டு’ என்று உடனே பதில் வரும். பல வேளைகளில் அது சரியாகவும் இருந்துவிடும். ஏன் சரி என்று தெரியாமல் சொன்னதால் அடுத்த படத்தில் அதே பதில் காலை வாரும்.

காரின் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். படத்தில் உள்ளவற்றில் மிகப் புதியது எது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். 1914இல் செய்த கார் 1925இலும் ஓடியிருக்கும். 1925இல் வந்த உதிரிப்பாகம் 1914இல் எடுத்த படத்தில் இருக்க வழியில்லை. ஆகவே கார் நமக்குத் தருவது ‘இந்த ஆண்டுக்கு முன் இல்லை’ என்ற கீழ் எல்லை மட்டும். மேல் எல்லையைப் படத்தின் தாள், பின்பக்க எழுத்து, பின்னணியில் தெரியும் தெரு, மடியில் இருக்கும் குழந்தையின் வயது ஆகியவை தர வேண்டும். குழந்தை பிறந்த ஆண்டு வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால் அதைவிட நல்ல சான்று அரிது.

முதலில் ஸ்கேன்

கைப்பேசியில் சாய்வாக எடுத்த படத்தை வைத்து யாரும் ரேடியேட்டர் முத்திரையைப் படிக்க முடியாது. அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். இரண்டேகாலுக்கு மூன்றேகால் அங்குலமுள்ள சிறிய பெட்டிக் கேமராப் படங்களுக்கு 1200 வையுங்கள். அவை பெரும்பாலும் பிலிமோடு தாளை ஒட்டவைத்து அச்சிட்டவை. நுணுக்கம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே இருக்கும். படத்தில் ரேடியேட்டர் 4 மில்லிமீட்டர் அகலம் என்றால் 600இல் அது சுமார் 95 புள்ளிகளாகவும், 1200இல் சுமார் 190 புள்ளிகளாகவும் வரும். எழுத்தைப் படிக்க முடிவதும் முடியாததும் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ண நிலையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பேறிய இடமும் பென்சில் கோடும் தனித்துத் தெரியும். தூசி நீக்கும் வசதியையும் கூர்மையாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். தூசி நீக்கி, ஆரக்கால்களையும் முத்திரைப் புள்ளிகளையும் தூசி என்று நினைத்து அழித்துவிடும். டிஃப் கோப்பாகச் சேமித்து, பகிர்வதற்கு மட்டும் ஜேபெக் நகல் எடுங்கள். வாட்சாப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்து அனுப்புங்கள்.

கண்ணாடிச் சட்டத்தில் போட்ட படங்களில் எச்சரிக்கை தேவை. டர்பனின் கடலோர ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய் வெறும் தாள்தான் கையில் மிஞ்சும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். மெல்லிய, விலை மலிந்த ஸ்கேனர்கள் பலவற்றில் கண்ணாடித் தடிமனுக்கு அப்பால் படம் மங்கும். அப்படியானால் கேமராவைப் படத்துக்கு நேராக நிறுத்தி, இருபுறமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்து, கேமராவுக்கு முன் கறுப்புத் துணியில் துளையிட்டு அதன் வழியே எடுங்கள்.

இன்னொன்று: செயற்கை அறிவுச் செயலியால் ‘தெளிவாக்கிய’ படத்தை அடையாளம் காணக் கொடுக்காதீர்கள். அந்தச் செயலி மங்கிய இடத்தில் இருப்பதைப் படிப்பதில்லை, இருக்கக்கூடியதை வரைகிறது. இல்லாத எழுத்து முத்திரையில் முளைக்கும், பன்னிரண்டு ஆரக்கால் பதினான்காகும்.

பின்பக்கம்

முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சில சமயம் அதிகம் பேசும். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் விளக்கைப் படத்தின் ஓரத்தில் தாழ வைத்துப் பாருங்கள். அழுத்திய தடம் நிழலாக எழும்பும். அஞ்சலட்டைத் தாளில் தபால்தலைக் கட்டத்தைச் சுற்றி ‘அசோ’ (AZO) என்ற பெயரும் மூலைகளில் முக்கோணங்களும் இருந்தால் கவனியுங்கள். நான்கு முக்கோணமும் மேல்நோக்கினால் தாள் ஏறத்தாழ 1904 முதல் 1918 வரையிலானது. இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் 1918 முதல் 1930 வரையிலானது. கடையில் தேங்கிய தாளைப் பிற்பாடு பயன்படுத்தியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்டூடியோ முத்திரையில் தெரு முகவரி இருந்தால், பிரேபியின் நேட்டால் டைரக்டரி என்ற முகவரிப் புத்தகத்தின் பழைய தொகுதிகளில் அந்த முகவரியில் அந்த ஸ்டூடியோ எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வருகிறது என்று பாருங்கள்.

தமிழில் எழுதியிருந்தால் நமக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு சாவி அதில் உண்டு. பெரியவர்கள் ஆங்கில ஆண்டை எழுதாமல் ‘ரக்தாட்சி வருஷம் தை மாதம்’ என்று எழுதியிருப்பார்கள். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்புவதால் ரக்தாட்சி 1864இலும் 1924இலும் 1984இலும் தொடங்கும். படத்தில் கார் இருப்பதால் 1864 கழிகிறது, அந்தக் காரும் தாளும் 1984ஐக் கழிக்கின்றன. இங்கே பலர் சறுக்குவது மாதத்தில். ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் ரக்தாட்சி தை என்பது 1925 ஜனவரி நடுவில் தொடங்கும் மாதம், 1924 அல்ல. அடிக்கடி தேவைப்படுபவை: ராட்சச 1915, பிங்கள 1917, ரௌத்திரி 1920, துந்துபி 1922, அட்சய 1926, பிரபவ 1927, பிரமோதூத 1930. இவையெல்லாம் அந்தந்த ஆண்டின் ஏப்ரலில் தொடங்குபவை.

காரின் முகம்

காரை முன்னிருந்து பின்னாகப் படியுங்கள். ரேடியேட்டரும் முன் அச்சும் தொழிற்சாலையில் பிறந்தவை. பின்னால் உள்ள கூரையையும் கதவையும் யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம்.

முதல் கேள்வி: முன் ஸ்பிரிங் எப்படிக் கிடக்கிறது? ரேடியேட்டருக்குக் கீழே, அச்சுக்கு இணையாக, வில்லைக் கவிழ்த்தாற்போல் ஒரே ஸ்பிரிங் குறுக்கே கிடந்தால் அது பெரும்பாலும் ஃபோர்டு. டி மாடல், ஏ மாடல், பின்வந்த வி8 எல்லாவற்றிலும் அப்படித்தான். சின்னஞ்சிறு ஆஸ்டின் செவனிலும் முன்னால் குறுக்கு ஸ்பிரிங் உண்டு, ஆனால் அதன் உருவச் சிறுமையே காட்டிக்கொடுத்துவிடும். சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், இரு கொம்புகள் முன்னால் நீண்டு, ஒவ்வொன்றின் கீழும் நீளவாக்கில் ஸ்பிரிங் இருந்தால் ஃபோர்டு இல்லை. இந்த ஒரு சோதனை தெரிந்தாலே ‘பழைய ஃபோர்டு’ என்ற பதிலில் பாதி அடிபட்டுப் போகும்.

ஃபோர்டு டி என்று முடிவானால் ஆண்டைக் குறுக்கலாம். 1908 அக்டோபரில் வந்து 1927 மே வரை ஓடிய மாடல் இது. பளபளக்கும் பித்தளை ரேடியேட்டர் என்றால் 1916 மாடல் வரை. கறுப்புக் கூடும், உயர்ந்த பானட்டும், வளைந்த மட்கார்டும் 1917 மாடலில் தொடங்குகின்றன. பானட்டுக்குப் பின்னால் தட்டையான மரப்பலகை நிமிர்ந்து நின்றால் 1914 வரை. தகடு வளைந்து உடலோடு கலந்தால் 1915 முதல். 1926 மாடலில் உடல் தாழ்ந்து நீண்டிருக்கும்.

ஆனால் அமெரிக்கப் புத்தகங்களின் ஆண்டுப் பட்டியலை நேட்டால் கார்மேல் அப்படியே ஒட்ட வேண்டாம். வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட டி மாடல்கள் கனடாவின் ஒன்டாரியோவில் செய்யப்பட்டுப் பிரிட்டிஷ் ஆட்சி நாடுகளுக்கு வந்தவை. விண்ட்ஷீல்டின் சாய்வு, கூரைச் சட்டம், கதவு போன்றவை டெட்ராய்ட்டில் மாறிய அதே ஆண்டில் அங்கே மாறவில்லை. ரேடியேட்டரை நம்புங்கள், விண்ட்ஷீல்டு துணைச் சாட்சி மட்டும். 1924இல் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்திலேயே பாகங்களைப் பூட்டி ஃபோர்டு கார்களைச் செய்யத் தொடங்கினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1926இல் அதே ஊருக்கு வந்தது.

ஏ மாடல் 1927 டிசம்பரில் அறிமுகமானது. கம்பி ஆரக்கால், நான்கு சக்கரத்திலும் பிரேக். முதல் இரண்டு ஆண்டில் விளிம்பு 21 அங்குலம், 1930–31இல் 19 அங்குலம். பிந்தியதில் ரேடியேட்டர் உயர்ந்து, பானட்டின் மேல்கோடு விண்ட்ஷீல்டு வரை தடையின்றி ஓடும்.

மற்ற கார்களுக்கு வருவோம். ஒன்றுக்குள் ஒன்று பின்னிய இரு முக்கோணங்கள் வட்டத்துக்குள் இருந்தால் டாட்ஜ் பிரதர்ஸ். 1914 கடைசிக்கு முன் அந்தக் கார் கிடையாது. முக்கோண முத்திரை ஹட்சன், அறுகோணம் எசெக்ஸ். இரண்டும் ஒரே கம்பெனி என்பதால் உடலை வைத்துப் பார்த்தால் குழம்பும், முத்திரையைப் பாருங்கள். வில் கட்டிய டை போன்ற முத்திரை செவ்ரோலே. அதில் முன்சக்கர பிரேக் 1928 மாடலில்தான் வந்தது. ஆக, முன்சக்கரத்தில் பிரேக் டிரம் தெரியாத செவ்ரோலே 1927 வரையிலான மாடல். மூக்கு உருண்ட மாரிஸ் 1926 வரை, பிறகு தட்டை முகம். பானட் முன்னால் சரிந்து இறங்கி, ரேடியேட்டரே முன்பக்கம் இல்லாவிட்டால் ரெனோவாக இருக்கும்.

முத்திரையில் ‘ரக்பி’ என்று படித்துவிட்டு அமெரிக்கப் பட்டியல்களில் தேடிச் சலித்துப்போகிறவர்கள் உண்டு. அங்கே கிடைக்காது. டியூரன்ட் கம்பெனியின் ‘ஸ்டார்’ கார்தான் பிரிட்டிஷ் ஆட்சி நாடுகளில் ‘ரக்பி’ என்ற பெயரில் விற்றது. ஸ்டார் என்ற பெயரில் இங்கிலாந்தில் ஏற்கனவே ஒரு கார் இருந்தது. 1922க்குப் பிந்திய ‘ஸ்டார்’ படங்களோடு ஒப்பிடுங்கள்.

முத்திரை தெரியாவிட்டால் அளந்து பாருங்கள்

கார் பக்கவாட்டில் நிற்கும் படமென்றால், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரத்தைச் சக்கரத்தின் உயரத்தால் வகுத்து, டயரின் வெளி விட்டத்தால் பெருக்குங்கள். ஸ்கேனில் சக்கரம் 212 புள்ளி, இரு அச்சுகளின் நடுவிடைத் தூரம் 707 புள்ளி என்று வையுங்கள். 707ஐ 212ஆல் வகுத்தால் 3.33. டயர் 30 அங்குலம் என்றால் 100 அங்குலம். அது ஃபோர்டு டி. ஏ மாடல் 103½, டாட்ஜ் முதலில் 110, 1917 மாடலிலிருந்து 114, ஆஸ்டின் செவன் 75.

சக்கரத்தின் அகலத்தை அளக்காமல் உயரத்தையே அளக்க வேண்டும். கார் சற்றுத் திரும்பி நின்றால் அகலம் சுருங்கும், உயரம் சுருங்காது. அச்சிடைத் தூரமும் சுருங்கும்: 15 பாகை திரும்பினாலே 100 அங்குலம் சுமார் 96½ ஆகத் தெரியும். சக்கரங்கள் முட்டை வடிவாகத் தெரிந்தால் இந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். நேராக நின்றாலும், சக்கர உயரத்தில் 5 புள்ளி பிசகினால் விடையில் 2 அங்குலத்துக்கு மேல் பிசகும்; 100ஐயும் 102ஐயும் இந்தக் கணக்கால் பிரிக்க முடியாது, 100ஐயும் 114ஐயும் பிரிக்கலாம்.

டயர் அளவைப் படிப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. பழைய முறையில் 30×3½ என்றால் 30 என்பது வெளி விட்டம். பிந்திய முறையில் 4.50–21 என்றால் 21 என்பது விளிம்பின் விட்டம். வெளி விட்டத்துக்கு இருபுறமும் நாலரை கூட்டி 30 ஆக்க வேண்டும். 21ஐ அப்படியே கணக்கில் போட்டால் ஏ மாடல் ஆஸ்டின் செவனைவிடச் சிறுத்துப்போகும்.

பேருந்தும் லாரியும்

டர்பன் இந்தியர்களின் பேருந்துத் தொழில் சார்ந்த படங்கள் வீடுகளில் நிறைய உண்டு. அவற்றில் மரப்பெட்டி உடலைப் பார்த்து ஆண்டு சொல்ல முயல வேண்டாம். அது உள்ளூர்த் தச்சரின் கைவேலை, தொழிற்சாலைப் பட்டியல் எதிலும் இராது. பானட்டிலிருந்து முன்பக்கம் மட்டும் படியுங்கள். முகம் ஃபோர்டு டி போலவே இருந்து, அச்சிடைத் தூரம் 124 அங்குலமாகவும் பின்சக்கரம் தடித்தும் இருந்தால் 1917–27 கால டிடி லாரிச் சேசிஸ். ஏ மாடல் முகத்தோடு 131½ அங்குலம் என்றால் ஏஏ. பக்கப் பலகையில் எழுதிய ஊர்ப் பெயர்களை எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். உரிமையாளரைத் தேட அதுதான் வழி.

இடம் வலம், எண் பலகை, நிறம்

எண் பலகை என்.டி. என்று தொடங்கினால் டர்பனில் பதிந்த கார், என்.பி. பீட்டர்மாரிட்ஸ்பர்க், டி.ஜே. ஜோகன்னஸ்பர்க், டி.பி. பிரிட்டோரியா, சி.ஏ. கேப்டவுன். பதிந்த ஊரே படம் எடுத்த ஊர் என்று ஆகாது. கல்யாணத்துக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த உறவினர் காராக இருக்கலாம். எண் சிறியதாக இருப்பதால் கார் பழையது என்றும் கொள்ள வேண்டாம், எண் ஒரு காரிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கலாம்.

ஸ்டியரிங் இடப்பக்கம் தெரிந்தால் வேறு நாட்டுக் கார் என்று தாவுமுன், படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டால் இப்படி ஆகும். எழுத்து ஏதுமில்லாவிட்டால் உடையைப் பாருங்கள்: ஆண்களின் கோட்டில் மார்புப் பை இடப்பக்கம் இருக்கும், இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் படியும். நம் பெண்களின் முந்தானை இடத்தோளில் போகும். ஆனால் குஜராத்திக் குடும்பங்களில் முந்தானை வலத்தோள் வழியாக முன்னே வருவதுண்டு. ஆகவே சேலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் கோட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

காரின் நிறத்தைச் சொல்லவே வேண்டாம். அன்றைய பிலிம் பெரும்பாலும் சிவப்பை உணராது. சிவப்புக் கார் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துத் தெரியும். படத்திலுள்ள பெண்களின் குங்குமப் பொட்டு கரும்புள்ளியாக இருக்கிறதல்லவா, அதே காரணம்தான்.

கார் உண்மையான காரா என்பதும் ஒரு கேள்வி. ஸ்டூடியோக்களிலும் திருவிழாக் கடைகளிலும் பலகையில் வரைந்த காருக்குப் பின்னால் உட்கார வைத்து எடுப்பார்கள். சக்கரத்தின் கீழ் நிழல் இல்லாமை, நான்கு பேர் இருந்தும் சீட்டின் ஆழம் தெரியாமை, ஹெட்லைட்டில் ஒளி மின்னாமை ஆகியவற்றால் பிடிபடும்.

பின்னணி

டர்பன் தெருக்களில் மின் டிராம் 1902 முதல் 1949 வரை ஓடியது. அதற்குத் தலைக்கு மேல் ஒரு கம்பி, தரையில் தண்டவாளம். இணையாக இரு கம்பிகள் போனால் அது டிராலிபஸ், அதாவது தண்டவாளமின்றி மின்கம்பியால் ஓடும் பேருந்து. 1935க்கு முன் அந்தக் காட்சி இல்லை. நகர மண்டபத்தின் குவிமாடம் தெரிந்தால் 1910க்குப் பிறகு. ஒப்பிட்டுப் பார்க்கத் தெருப் படங்கள் வேண்டுமானால் பழைய நீதிமன்றக் கட்டடத்தில் உள்ள உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகம், கில்லி கேம்பல் நூலகம், வெஸ்ட்வில் வளாகத்துக் காந்தி–லுதுலி ஆவண மையம் ஆகியவற்றைக் கேட்கலாம். போகும்போது ‘பழைய கார்’ என்று கேட்காமல் தெருப் பெயரையும் பத்தாண்டையும் சொல்லிக் கேளுங்கள்.

பகிரும்போது

முழுப் படம் ஓரம் வெட்டாமல் ஒன்று, பின்பக்கம் ஒன்று, பிறகு ரேடியேட்டர், சக்கரத்தின் நடுமூடி, எண் பலகை ஆகியவற்றின் பெரிதாக்கிய துண்டுகள். படத்தின் உண்மை அளவை அங்குலத்தில் எழுதுங்கள். குடும்பத்தில் வழங்கும் கதையையும் எழுதலாம், ஆனால் அதைக் கதை என்றே குறியுங்கள். கார் தாத்தாவுடையது என்று சொல்வார்கள். வாடகைக் காராகவோ தோட்ட முதலாளியின் காராகவோ இருந்தாலும் அதே காலை ஊன்றி நின்றுதான் படம் எடுத்திருப்பார். உயிரோடிருப்பவர்களின் பெயரை அவர்கள் சம்மதமில்லாமல் போடாதீர்கள்.

பதில் சொல்பவர்கள் பெயரோடு காரணத்தையும், எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ஃபோர்டு டி, உறுதி: குறுக்கு ஸ்பிரிங், அச்சிடை 100 அங்குலம். 1917 அல்லது அதற்குப் பின், உறுதி: கறுப்பு ரேடியேட்டர், வளைந்த மட்கார்டு. படம் 1925 தொடக்கம், பெரும்பாலும்: பின்பக்கத்தில் ரக்தாட்சி தை. டர்பன், இருக்கலாம்: என்.டி. பலகை மட்டுமே சான்று.’ இப்படி எழுதினால், நாளைக்கு ஒருவர் மட்கார்டைப் பற்றி மறுத்தாலும் ஆண்டு மட்டும் ஆட்டம் காணும், காரின் பெயர் நிற்கும். வந்த விடையை மென்மையான பென்சிலால் படத்தின் பின்பக்க ஓரத்தில் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா வேண்டாம், அதன் அழுத்தம் முன்பக்கத்தில் புடைக்கும், மை அடுத்த படத்தில் ஒட்டும். பிறகு பாலிபுரொப்பிலீன் உறையில் போடுங்கள். பிவிசி உறை நாளடைவில் இளகி, படத்தைப் பிடித்துக்கொள்ளும்.